சிப்பி இல்லாத சமவெளி

கல் எழுதிய கணக்கு – 9

ஒடிசாவின் தால்ச்சேர் நிலக்கரி வயலை ஆராயப் போன மூன்று இளைஞர்கள், கரி தேடிய இடத்தில் பனியின் தடத்தைக் கண்டார்கள். வில்லியம் பிளான்ஃபோர்டு, அவருடைய தம்பி ஹென்றி, உடன் சென்ற வில்லியம் தியோபால்டு. ஆண்டு 1856.

அவர்களைத் திகைக்கவைத்தது ஒரு சாதாரணப் பாறை. மாவு போன்ற நுண்ணிய வண்டல் படிந்து இறுகியிருந்தது. அதன் நடுவே, யாரோ கொண்டுவந்து போட்டதுபோலப் பெரிய பெரிய குண்டுக்கற்கள் கிடந்தன.

ஓடும் நீருக்கு இது முடியாத வேலை. வேகமாக ஓடினால் கல்லை உருட்டும், ஆனால் வண்டலை நிற்கவிடாமல் அடித்துக்கொண்டு போகும். மெதுவாக ஓடினால் வண்டலைப் படியவிடும், கல்லை அசைக்காது. இரண்டையும் ஒரே இடத்தில் இறக்கிவைக்கக்கூடியது மிதந்து வந்து உருகும் பனிக்கட்டி.

பனியாறுகள் ஒரு காலத்தில் ஐரோப்பாவை மூடியிருந்தன என்று லூயி அகாசி நூல் எழுதியதே 1840இல்தான். ஐரோப்பாவிலேயே பலர் அதை நம்பவில்லை. வெயில் கொளுத்தும் ஒடிசாவில் பனி என்றால் யார் கேட்பார்கள்? மூவரும் எச்சரிக்கையாகவே எழுதினார்கள். கல்கத்தாவில் அமர்ந்து இந்திய நிலவியல் ஆய்வுத்துறையை 1851 முதல் நடத்திவந்த தாமஸ் ஓல்ட்ஹாம் அந்த அறிக்கையை அச்சேற்றினார்.

சென்ற பகுதி அங்கே நின்றது. பனிக்கு அசைக்க முடியாத சாட்சி கிடைக்க மேலும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் ஹென்றி பிளான்ஃபோர்டு தெற்கே வந்துவிட்டார்.

★

1857இல் சென்னை மாகாணத்துக்கென ஒரு தனிக் குழு அமைந்தது. அதன் பொறுப்பு ஹென்றிக்கு. வயது 23. வில்லியம் கிங் குழுவில் சேர்ந்தார். மறு ஆண்டு ராபர்ட் புரூஸ் ஃபூட் வந்தார்.

ஹென்றி முதலில் நீலகிரியை முடித்தார். பிறகு கீழே இறங்கித் திருச்சிராப்பள்ளிக்குக் கிழக்கே போனார்.

அங்கே வேலை பாதி முடிந்திருந்தது என்றே சொல்லலாம். 1840களில் கே, கன்லிஃப் என்ற இரண்டு பேர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பக்கங்களில் கல்லாகிப்போன சிப்பிகளையும் நத்தை போலச் சுருண்ட அம்மோனைட்டுகளையும் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பியிருந்தார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்து எழுதினார். ஐரோப்பாவின் சுண்ணப் பாறைகளில் கிடைக்கும் உயிர்களுக்கு இவை நெருங்கிய உறவு. ஆகவே காலமும் ஒன்று: கிரெட்டேசியஸ்.

அன்றைய நிலவியலின் ஆயுதமே இதுதான். ஒரே உயிர் இரண்டு ஊர்ப் பாறைகளில் இருந்தால், இரண்டு பாறைக்கும் ஒரே காலம். சிப்பிதான் தேதி முத்திரை.

அந்த முத்திரையை வைத்து ஹென்றி பிளான்ஃபோர்டு அந்தப் படிவங்களை மூன்று அடுக்காகப் பிரித்தார். அடியில் ஊட்டத்தூர், நடுவில் திருச்சிராப்பள்ளி, மேலே அரியலூர். 1862இல் வெளிவந்த அந்த அறிக்கையின் பிரிவினை இன்றும் பெரிதாக மாறவில்லை. இன்று கல்லக்குடியில் சிமென்டுக்காக வெட்டும் சுண்ணாம்புக்கல், அந்தக் கடலின் ஓரத்தில் பவளங்கள் கட்டிய திட்டு.

அரியலூரில் கடல் இருந்தது என்பது இவ்வாறு உறுதியாயிற்று. கடல் என்றால் கரை வேண்டுமே. ஊட்டத்தூர்ப் படிவங்கள் மேற்கு விளிம்பில் எதன்மேல் சாய்ந்து கிடக்கின்றன என்று பார்த்தால், கெட்டிப்பட்ட, பளபளக்கும் துகள்கள் கொண்ட, வரிவரியான பாறை தெரிந்தது. நீஸ். அந்த நீஸ் அங்கிருந்து மேற்கே துறையூர், நாமக்கல், சேந்தமங்கலம், சேலம் என்று முடிவில்லாமல் போயிற்று.

அந்தப் பரப்பு கிங்குக்கும் ஃபூட்டுக்கும் ஒதுக்கப்பட்டது.

★

சேந்தமங்கலம் கொல்லிமலையின் மேற்கு அடிவாரத்து ஊர். கிழக்கே பார்த்தால் மலை சுவர்போல ஆயிரம் மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கும். இன்று பக்கத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே போகலாம். தென்மேற்கே சுமார் பத்து கிலோமீட்டரில் நாமக்கல் கோட்டைப் பாறை, ஊருக்கு நடுவே ஒற்றைக் கல்லாக நிற்கிறது. நடுவில் இருப்பது செம்மண், கரடு, ஓடை, மறுபடியும் கரடு.

இங்கே அடுக்கடுக்கான படிவங்கள் இல்லை. சிப்பி இல்லை, நத்தை இல்லை, இலைத்தடம்கூட இல்லை. எங்கே சுத்தியலைப் போட்டாலும் நீஸ். அரியலூரில் ஒரு நாளில் ஒரு கூடை புதைபடிவம் பொறுக்கியவர்களுக்கு, இங்கே ஆண்டுக்கணக்கில் நடந்தாலும் தேதி முத்திரை ஒன்றுகூட அகப்படாது.

கையில் இருந்தது இந்திய அட்லஸின் 79ஆம் தாள். நான்கு மைல் நிலம் ஓர் அங்குலத்துக்குள் அடங்கும் வரைபடம். அதில் குன்றும் ஊரும் ஆறும் உண்டு, பாறை இல்லை. அந்த வெற்றிடத்தை நிறம் தீட்டி நிரப்புவதே இருவரின் வேலை. ஒரே பாறையாக இருந்தால் எதைத் தீட்டுவது?

ஒரு பிடிமானம் தேவைப்பட்டது. அதைக் கொடுத்தது இரும்பு.

★

கொல்லிமலையிலும், அதன் தெற்கே தலைமலையிலும், சேலத்துக்கு மேற்கே கஞ்சமலையிலும் நீஸுக்கு நடுவே ஒரு தனிக் கல் ஓடுகிறது. கையில் எடுத்தால் அளவுக்கு மீறிய கனம். உடைந்த முகத்தில் வெள்ளைக் கோடும் கறுப்புக் கோடும் மாறி மாறி, சேலைக் கரை போல. வெள்ளை குவார்ட்ஸ், கறுப்பு மேக்னடைட் என்னும் காந்த இரும்புத்தாது. இடித்துப் பொடியாக்கிக் காந்தத்தைக் காட்டினால் கறுப்பு மட்டும் எழுந்து ஒட்டிக்கொள்ளும்.

இந்தக் கல் சுற்றியுள்ள நீஸைவிட உறுதியானது. மழையில் நீஸ் கரைய, இது முதுகெலும்புபோலத் துருத்திக்கொண்டு நிற்கும். அந்த முதுகைப் பிடித்துக்கொண்டே நடந்தால், பாறை எந்தத் திசையில் ஓடுகிறது, எந்தப் பக்கம் சாய்கிறது, எங்கே மடங்குகிறது என்பது தெரியும்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. திசையைக் காட்ட வேண்டிய காந்த ஊசி, காந்தக் கல்லின் பக்கத்தில் போனதும் வடக்கை மறந்துவிடும். எந்தக் கல்லை அளக்க வேண்டுமோ அதுவே அளவுகோலைக் கெடுத்தது.

இருந்தும் கணக்கு கிடைத்தது. கஞ்சமலை, கோதுமலை, தலைமலை–கொல்லிமலை, தீர்த்தமலை உள்ளிட்ட ஐந்து தொகுதிகளாக இரும்புப் படுகைகளைப் பிரித்தார்கள். கஞ்சமலையில் அவை கிண்ணத்தின் விளிம்புபோல உள்நோக்கிச் சாய்ந்து கிடந்தன. ஒரே பாறைக் காடாகத் தெரிந்த சமவெளிக்கு முதன்முறையாக ஓர் உள்ளமைப்பு தெரிந்தது. 160 ஆண்டுகள் கழித்தும் சேலம் இரும்பைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ஐந்து தொகுதியிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

★

இரும்பை அவர்கள் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மழைக்குப் பிறகு மலையடி ஓடைகளில், நீர் தயங்கும் திருப்பங்களில், கருமணல் ஒதுங்கும். பாறை சிதைந்து வந்த மேக்னடைட்தான் அது. மணலை நீரில் அலசினால் லேசான வெள்ளை மணல் ஓடிப்போகும், கனமான கறுப்பு தங்கும். ஆள் உயரத்துக்கும் குறைவான மண் உலை, மரக்கரி, ஆட்டுத்தோல் துருத்தி. சில மணி நேரத்தில் பஞ்சுபோன்ற இரும்புக் கட்டி விழும். அதை அடித்து அடித்துக் கசடை வெளியேற்றினால் கொழுவுக்கும் கோடரிக்கும் ஆகும். உருக்கும் இதிலிருந்தே வந்தது.

எந்த ஓடையில் கருமணல் அதிகம் என்பது அலசுகிறவருக்குத் தெரியும். அது மேலே எந்தக் கரட்டில் தாது இருக்கிறது என்பதற்கான துப்பும்கூட. நிலவியலாளர்கள் இதை எழுதி, அளந்து, வரிசைப்படுத்தினார்கள். அது சிறிய வேலையல்ல. ஆனால் முதல் வேலையுமல்ல.

கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியத்தில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் சேலத்துத் தாதுவை நம்பி 1830இல் பரங்கிப்பேட்டையில் பெரிய இரும்பாலையைத் தொடங்கினார். தாது தீரவில்லை, மரக்கரிதான் தீர்ந்துகொண்டே வந்தது. கை மாறிக் கை மாறிக் கடைசியில் அந்த ஆலை படுத்துவிட்டது. அது தனிக் கதை.

கல்லுக்குப் பெயர் வைத்ததிலும் இந்த மண்ணுக்குப் பங்கு உண்டு. வைரத்துக்கு அடுத்த உறுதி கொண்ட கனிமத்தை உலகம் முழுதும் ‘கொரண்டம்’ என்கிறார்கள். தமிழின் ‘குருந்தம்’தான் அது. மெருகு போடுகிறவர்களிடமிருந்து கிளம்பிய சொல், சார்லஸ் கிரெவில் 1798இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கட்டுரை வழியே அறிவியலுக்குள் நுழைந்தது. நான்கு ஆண்டு கழித்து பூர்னோன் பிரபு அதே கனிமத்தையும், அன்று ‘கர்நாட்டிக்’ எனப்பட்ட பகுதியில் அது பொதிந்திருந்த வெண்ணிறத் தாய்ப்பாறையையும் விவரித்தார். அந்த வெண்கல்லுக்கு ‘இந்தியனைட்’ என்ற பெயர் ஏற்பட்டது. இன்று அனார்தைட் என்பார்கள். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் குருந்தமும் அனார்தைட்டும் சேர்ந்தே கிடக்கின்றன. நிலவின் மேட்டுப்பகுதிக் கல்லும் இதே குடும்பம் என்பதால், சந்திரயான்-2 சோதனைக்குத் தேவையான செயற்கை நிலவு மண்ணை இந்த ஊர்ப் பாறையைப் பொடித்துத்தான் தயாரித்தார்கள்.

பிரெஞ்சுத் தாவர ஆய்வாளர் லெஷெனோல் த லா தூர் சேலம் பக்கம் பொறுக்கிப் போன கற்கள் பாரிஸில் சுமார் எழுபது ஆண்டு உறங்கின. 1889இல் அல்ஃப்ரெட் லாக்ரோவா அவற்றை நுண்ணோக்கியில் பார்த்து எழுதினார். கல் முதலில் கப்பலேறுவதும், அறிவு பின்னால் வருவதும் அந்தக் காலத்து வழக்கம்.

★

சேலம் நகருக்கு வடக்கே வேறொரு பொறி காத்திருந்தது.

அங்கே குன்றுகள் வெள்ளை வெளேரென்று இருக்கும். பார்த்த ஆங்கிலேயர்களுக்குச் சொந்த ஊர்க் கடற்கரைப் பாறைகள் நினைவுக்கு வந்தன போலும், ‘சாக் ஹில்ஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். சாக் என்றால் கடலடியில் நுண்ணுயிர் ஓடுகள் படிந்து உண்டாகும் சுண்ணம். கிரெட்டேசியஸ் என்ற சொல்லே சுண்ணத்தைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சேலத்தில் உண்மையிலேயே சாக் இருந்தால் அரியலூர்க் கடல் சேலம் வரை நீண்டிருந்தது என்று பொருள். சிப்பியற்ற சமவெளிக்கு ஒரு தேதி முத்திரை கிடைத்துவிடும்!

கிடைக்கவில்லை. சுண்ணக்கல்லின்மேல் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் உடனே நுரைக்கும். சேலத்து வெள்ளைக்கல்லின்மேல் விட்டால் பெரும்பாலும் சும்மா கிடக்கும். சூடாக்கினால்தான் நுரை கட்டும். அது மேக்னசைட். கால்சியத்துக்குப் பதிலாக மக்னீசியம் கொண்ட கார்பனேட். பூமியின் ஆழத்திலிருந்து வந்த கரும்பச்சைப் பாறை சிதைந்து மாறியபோது, அதன் விரிசல்களில் வலைபோலப் படர்ந்த நரம்பு. கடலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1896இல் நிலவியலாளர் மிடில்மிஸ் இந்தக் குன்றுகளை விரிவாக ஆராய்ந்து எழுதியபோதும் தலைப்பில் ‘சாக்’ இருந்தது, அருகே அடைப்புக்குறிக்குள் ‘மேக்னசைட்’.

★

1864இல் கிங்கும் ஃபூட்டும் 79ஆம் தாளின் அறிக்கையை வெளியிட்டார்கள். அதன் மையத்தில் இருந்தது ஒரு தீர்ப்பு.

நீஸில் தெரியும் வரிகள் படிவ அடுக்குகளே என்று அவர்கள் கொண்டார்கள். ஒரு பழங்கடலின் மணலும் சேறும் இரும்பு வண்டலும் அடுக்கடுக்காகப் படிந்து, பிறகு வெப்பத்திலும் அழுத்தத்திலும் வெந்து உருமாறியவை என்பது கருத்து. இரும்புப் படுகைகள் மைல்கணக்கில் ஒரே சீராக ஓடுவது அதற்கு வலுவான ஆதாரமாகத் தெரிந்தது. இரும்பைப் பொறுத்தவரை இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் நின்றது. கொல்லிமலையின் கருநீலச் சாயலுள்ள பாறையைப் பொறுத்தவரை நிற்கவில்லை. அத்தகைய பாறைக்கு, கல்கத்தாவிலுள்ள ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல்லை வைத்து ‘சார்னோகைட்’ என்று பெயரிட்ட தாமஸ் ஹாலண்ட், அது உருகிய குழம்பு உறைந்தது என்று 1900இல் வாதிட்டார். அந்த வழக்கு பின்னால் வரும்.

1864இல் எழுந்த சங்கடம் வேறு. கடல் என்றால் சிப்பி எங்கே? வெப்பத்தில் அழிந்ததா, அல்லது உயிர் என்று ஒன்று தோன்றும் முன்பே படிந்த சேறா? வெந்துபோன கல் இதற்குப் பதில் சொல்லாது.

வரிசை மட்டும் தெளிவாக இருந்தது. தால்ச்சேரில் பனி கொண்டுவந்த படிவம் நீஸின்மேல் கிடந்தது. அதிலிருந்த குண்டுக்கற்களிலும் நீஸ் இருந்தது. ஆகவே பனிக்கு மூத்தது நீஸ். பனிப்படிவத்துக்கு மேலே நிலக்கரிக் காடுகள். அவற்றுக்கெல்லாம் பிந்தியது அரியலூர்க் கடல். அது மோதியதும் நீஸ் கரையில்தான். குடும்பத்தில் யாருக்கு யார் மூத்தவர் என்று தெரிந்துவிட்டது. தாத்தாவின் வயது மட்டும் தெரியவில்லை.

பேரப்பிள்ளைகளின் பக்கத்தில் அதற்குள் ஒரு புதுமுகம் வந்திருந்தது. அறிக்கை வெளிவருவதற்கு முந்தைய ஆண்டு, 1863 மே 30 அன்று, பல்லாவரத்தில் சரளைக் குழி ஒன்றில் ஃபூட் ஒரு கல்லை எடுத்தார். அது இயற்கை உடைத்த கல்லல்ல. கை வைத்துச் செதுக்கிய கோடரி. இந்தியாவில் கற்கால மனிதனின் இருப்பு அன்று தெரியவந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரோடு சேர்ந்து பைபிளைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவலின் மகளை மணந்த ஃபூட், ஓய்வுக்காலத்தை ஏற்காட்டில் கழித்தார். 1912இல் கல்கத்தாவில் இறந்த அவருடைய அஸ்தி அந்த மலையூர்த் தேவாலயத்தில் இருக்கிறது.

★

காலம் எவ்வளவு என்ற கேள்விக்கு லண்டனிலிருந்தோ கல்கத்தாவிலிருந்தோ பதில் வரவில்லை. அது ஸ்காட்லாந்திலிருந்து, ஓர் இயற்பியலாளரிடமிருந்து வந்தது.

ஹென்றி பிளான்ஃபோர்டின் அரியலூர் அறிக்கை வெளியான அதே 1862இல், பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன் ஒரு கணக்குப் போட்டார். பூமி உருகிய நிலையில் தொடங்கியது. அன்று முதல் ஆறிக்கொண்டிருக்கிறது. சுரங்கத்தில் ஆழம் போகப் போகச் சூடு எவ்வளவு ஏறுகிறது என்று தெரிந்தால், ஆறத் தொடங்கி எவ்வளவு காலம் ஆயிற்று என்று சொல்லிவிடலாம். விடை: 2 கோடி ஆண்டுக்குக் குறையாது, 40 கோடிக்கு மிகாது. மிகப் பொருத்தமான எண் 9.8 கோடி.

கணக்கில் பிழை இல்லை. அந்தக் காலத்து நிலவியலாளர்களில் அதை மறுக்கும் கணிதம் யாரிடமும் இல்லை. முணுமுணுத்தார்கள், பிறகு தங்கள் காலத்தைச் சுருக்கிக்கொள்ளப் பார்த்தார்கள்.

சேந்தமங்கலத்தின் நீஸ், அது வெந்து இறுகி மலையாக எழுந்து தேய்ந்த காலம், தால்ச்சேரின் பனி, அதன்மேல் முளைத்து மக்கிய நிலக்கரிக் காடுகள், அரியலூர்க் கடல், பல்லாவரத்துக் கோடரி. இவ்வளவும் 9.8 கோடி ஆண்டுக்குள் அடங்க வேண்டும். ஊட்டத்தூர்க் கடலின் அடிப்படிவங்களுக்கு மட்டுமே சுமார் 11 கோடி ஆண்டு வயது என்று இன்று தெரியும். கெல்வினின் பூமியைவிட ஊட்டத்தூர் நத்தைகள் மூத்தவை!

ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தச் சண்டைக்கு நிற்கவில்லை. உடல்நலம் கெட்டு 1862இல் ஆய்வுத்துறையை விட்டார். பிறகு இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவராகி, இமயத்துப் பனிப்பொழிவை வைத்துப் பருவமழையைக் கணிக்க முயன்றார். பனி அவரை விடவில்லை.

சிப்பி இல்லாத கல்லுக்கு வயது சொல்லும் கடிகாரம் ஒன்று வேண்டியிருந்தது. அந்தக் கடிகாரம் சேந்தமங்கலத்துக் கரடுகளிலும் கொல்லிமலைச் சரிவுகளிலும், கண்ணுக்குத் தெரியாத சிறு படிகங்களுக்குள், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. 1896இல் பாரிஸில், மேகமூட்டமான சில நாட்களில், ஒரு மேசை இழுப்பறைக்குள் அதன் முதல் அசைவு வெளிப்பட்டது. இழுப்பறைக்குள் இருந்தது என்ன?

(தொடரும்)